பிறர் தீர்ப்பும் தன்தீர்ப்பும்: கிறித்தவ இறைநம்பிக்கையில் தன்னுணர்வுச் சுமையின் நீக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பிறர் தம்மை எவ்வாறு மதிப்பிடுவரோ என்னும் அச்சமும், அவ்வச்சத்தால் ஓயாது தம்மையே நோக்கிக்கொண்டிருக்கும் தன்னுணர்வும் மனிதர்க்குப் பொதுவான சுமைகளாகும். கிறித்தவ இறைநம்பிக்கை இச்சுமையை எவ்வாறு நீக்குகிறது என்பதைப் பவுலின் கொரிந்து மடல்கள், அகுஸ்தீன் பதிவுசெய்த விக்டோரினுஸின் வரலாறு, மார்ட்டின் லூதரின் இறையியல், ஜான் பனியனின் உருவகக் கதை ஆகிய நான்கு சான்றுகளின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. இவ்விடுதலை தன்மதிப்பை உயர்த்துவதாலோ பிறரைப் பொருட்படுத்தாமையாலோ வருவதன்று. தீர்ப்பு வழங்கும் மன்றம் மாறுவதாலும், அம்மன்றத்தின் தீர்ப்பு செயலுக்கு முன்னரே கிடைப்பதாலும் வருவது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: நாண், தன்னுணர்வு, தீர்ப்பு, பவுல், விக்டோரினுஸ், லூதர், பனியன், ஏற்புடைமை

முன்னுரை

மனிதன் தன் கண்ணால் உலகைக் காண்கிறான். தன்னையோ பெரும்பாலும் பிறர் கண்ணால் காண்கிறான். அவையில் பேச எழும்போதும், புதியவர் நடுவே அமரும்போதும், தன் கருத்தை எழுத்தில் வைக்கும்போதும், ‘இவர்கள் என்னை என்னவென்று எண்ணுவர்’ என்னும் வினா உள்ளத்தில் எழுகிறது. இவ்வாறு பிறர் கண்வழியே தன்னை ஓயாது நோக்கும் நிலையையே இக்கட்டுரை ‘தன்னுணர்வு’ என்னும் சொல்லால் குறிக்கிறது. பிறர் புகழும்போது இவ்வுணர்வு செருக்காகவும், இகழும்போது கூச்சமாகவும் தோன்றினும் இரண்டிற்கும் வேர் ஒன்றே.

இறைநம்பிக்கை இவ்வுணர்விலிருந்து விடுவிக்கும் என்பது கிறித்தவ மரபில் பரவலாகச் சொல்லப்படுவது. எனினும், எதிலிருந்து விடுதலை, எவ்வழியில் விடுதலை, அதன் எல்லை யாது என்பன பெரும்பாலும் விளக்கப்படுவதில்லை. நாணத்தை உயரிய பண்பாகப் போற்றும் தமிழ் மரபிலிருந்து இவ்வினாக்களை அணுகுவது அவற்றைக் கூர்மைப்படுத்த உதவும்.

நாணும் அவையச்சமும்: தமிழ் மரபு தரும் அளவுகோல்

திருக்குறளின் 102ஆம் அதிகாரம் ‘நாணுடைமை’. தகாத செயலுக்கு நாணுவதே உண்மையான நாண் என்றும், மகளிர்க்குரியதாகச் சொல்லப்படும் நாணம் வேறு என்றும் அவ்வதிகாரத்தின் தொடக்கத்திலேயே வள்ளுவர் பிரித்துக் காட்டுகிறார். தமக்கு வரும் பழிக்கு மட்டுமன்றிப் பிறர்க்கு வரும் பழிக்கும் நாணுவோரையே நாணின் உறைவிடமாக உலகம் கொள்ளும் என்றும் கூறுகிறார். இவ்வதிகாரத்தில் நாண் அறத்தின் காவலாக நிற்கிறது. இதனைக் களைய வேண்டிய சுமையாக எவரும் கருதார்.

‘அவையஞ்சாமை’ என்னும் 73ஆம் அதிகாரம் மற்றோர் உணர்வைப் பேசுகிறது. கற்றோர் அவையில் அஞ்சுவோனின் கல்வி பயனற்றுப் போவதைக் கூறும் வள்ளுவர், அவ்வச்சத்திற்கு மருந்தாகக் கல்வியையும் பயிற்சியையுமே முன்வைக்கிறார். முறையாகக் கற்றவன் அஞ்சாது விடை கூறுவான் என்பது அவர் கருத்து.

இவ்விரு அதிகாரங்களும் நமக்கு இரண்டு வேறுபாடுகளைத் தருகின்றன. ஒன்று, தீச்செயலுக்கு நாணுதல். இது காக்கப்பட வேண்டியது. மற்றொன்று, திறமைக் குறைவால் அவையில் அஞ்சுதல். இது பயிற்சியால் நீங்குவது. இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாம் நிலை ஒன்றுண்டு. தீச்செயல் ஏதும் இல்லை, திறமைக்கும் குறைவில்லை, ஆயினும் பிறர் மதிப்பை இழந்துவிடுவோமோ என்னும் அச்சம் மட்டும் ஒருவனைப் பிணித்திருக்கிறது. கிறித்தவச் சான்றுகள் பேசும் விடுதலை இம்மூன்றாம் நிலையைச் சார்ந்தது. இதனை உணராவிடின் அவ்விடுதலையை நாணின்மை என்று பிழைபடக் கொள்ள நேரும்.

கொரிந்து நகரும் ‘மனித நாளும்’

உரோமரால் கி.மு. 146இல் அழிக்கப்பட்ட கொரிந்து, கி.மு. 44இல் யூலியஸ் சீசரால் உரோமக் குடியேற்றமாக மீண்டும் நிறுவப்பட்டது. வணிகத்தால் செழித்த அந்நகரில் புகழும் பெயரும் பொதுவெளியில் பொறிக்கப்பட்டன. பதவி பெற்றதற்குக் கைம்மாறாகத் தன் செலவில் கல்தளம் அமைத்ததாக எரஸ்து என்பவர் பொறித்த கல்வெட்டு 1929இல் அங்குக் கண்டெடுக்கப்பட்டது. ஒருவன் செய்த நற்பணியைவிட அவன் பெயர் முன்னிற்கும் சூழலை அது காட்டுகிறது.

இச்சூழலில்தான் பவுல் தம் முதல் கொரிந்து மடலைக் கி.பி. 50களின் நடுவில் எழுதினார். அங்கிருந்த திருச்சபையார் பவுலைச் சார்ந்தோர், அப்பொல்லோவைச் சார்ந்தோர், கேபாவைச் சார்ந்தோர் எனப் பிரிந்து, ஆசிரியர்களை ஒப்பிட்டு மதிப்பெண் இட்டுவந்தனர். பவுலுக்கு அதில் சாதகமான இடம் கிடைக்கவில்லை. அவருடைய மடல்கள் வலிமையுடையன. ஆனால் நேரில் அவர் தோற்றப் பொலிவற்றவர், பேச்சும் எடுபடாதது என்று சிலர் கூறியதை இரண்டாம் கொரிந்து மடலின் 10ஆம் இயலில் அவரே குறிப்பிடுகிறார். எனவே பவுல் கற்பனையான இகழ்ச்சிக்கு விடையளிக்கவில்லை. உண்மையில் தம்மீது இடப்பட்ட தீர்ப்பின் நடுவே நின்றே எழுதினார் என்பது தெளிவு.

அவர் தரும் விடை முதல் மடலின் 4ஆம் இயலில் உள்ளது. கொரிந்தியரோ வேறெந்த மனித மன்றமோ தம்மை ஆய்ந்து மதிப்பிடுவது தமக்கு மிகச் சிறிய செய்தி என்கிறார். இங்கு ‘மனித மன்றம்’ என்று பெயர்க்கப்படும் கிரேக்கத் தொடருக்கு நேர்ப்பொருள் ‘மனித நாள்’ என்பதாகும். இதற்கு முந்தைய இயலில் ஒவ்வொருவர் பணியையும் வெளிப்படுத்தப்போகும் இறைவனின் ‘நாள்’ பற்றி அவர் பேசியிருப்பதால், இத்தொடர் அதற்கு எதிரிணையாக நிற்கிறது. மேலும், ‘மதிப்பிடுதல்’ என்பதற்கு அவர் ஆளும் ‘அனக்ரினோ’ என்னும் வினைச்சொல், தீர்ப்புக்கு முன் நடைபெறும் விசாரணையைக் குறிக்கும் வழக்குமன்றச் சொல்லாகும். மனிதர் தருவது விசாரணையே. இறுதித் தீர்ப்பு அவர்கள் கையில் இல்லை என்னும் பொருள் இச்சொல்லில் அடங்கியுள்ளது.

இதுவரை கூறியதைத் தன்னம்பிக்கை மிக்க எவரும் கூறக்கூடும். பவுலின் அடுத்த அடிதான் புதியது. தம்மைத் தாமே மதிப்பிடுவதும் இல்லை என்கிறார். தம் மனச்சான்று தம்மை எதிலும் குற்றஞ்சாட்டவில்லை. ஆயினும் அதனால் தாம் குற்றமற்றவர் என்று ஆகிவிடாது. தம்மைத் தீர்ப்பிடுபவர் ஆண்டவரே என்று தொடர்கிறார். பிறர் தீர்ப்பைத் தள்ளும் ஒருவர் இயல்பாகத் தன் தீர்ப்பையே மேலானதாகக் கொள்வார். பவுலோ இரு மன்றங்களையும் ஒருசேரக் கலைத்துவிடுகிறார். கொரிந்தியர் தரும் தாழ்ந்த மதிப்புக்கு மாற்றாகத் தாமே தமக்கு உயர்ந்த மதிப்பைத் தந்துகொள்ளவில்லை. மதிப்பிடும் பணியே தம்முடையதன்று என விட்டுவிடுகிறார். அப்பகுதியின் முடிவும் நோக்கத்தக்கது. இறைவன் மறைவானவற்றை வெளிப்படுத்தும் அந்நாளில் ஒவ்வொருவருக்கும் இறைவனிடமிருந்து பாராட்டுக் கிடைக்கும் என்று முடிக்கிறார். தண்டனையைப் பற்றிய பேச்சு அங்கில்லை.

இதே மடலில் செருக்கைக் குறிக்கப் பவுல் ‘ஊதிப் பெருத்தல்’ என்னும் பொருளுடைய கிரேக்க வினையை ஆறிடங்களில் ஆள்கிறார். காற்றால் பெருத்தது உள்ளே வெறுமையானது. சிறு முள் பட்டாலும் சுருங்குவது. புகழால் பெருத்த உள்ளமும் இகழ்ச்சியால் சுருங்கிய உள்ளமும் ஒன்றே என்பதை இவ்வுருவகம் எளிதில் உணர்த்துகிறது.

விக்டோரினுஸ்: அவையஞ்சாத அறிஞரின் அச்சம்

நான்காம் நூற்றாண்டு உரோமில் புகழ்பெற்ற சொற்கலைப் பேராசிரியர் மாரியுஸ் விக்டோரினுஸ். ஆப்பிரிக்காவில் பிறந்த இவரிடம் உரோம உயர்குடியினர் பலர் கற்றனர். நகரின் பொதுமன்றில் இவருக்குச் சிலை எடுக்கப்பட்டது. இவருடைய மனமாற்ற வரலாற்றைச் சிம்ப்ளிசியானுஸ் என்னும் குரு வாயிலாகக் கேட்ட அகுஸ்தீன், ‘ஒப்புதல்கள்’ நூலின் எட்டாம் பகுதியில் பதிவுசெய்துள்ளார்.

முதிய வயதில் கிறித்தவ நூல்களை ஆழ்ந்து கற்ற விக்டோரினுஸ், தாம் முன்பே கிறித்தவராகிவிட்டதாகச் சிம்ப்ளிசியானுஸிடம் தனிமையில் கூறுவார். திருச்சபையில் காணும்வரை அதனை நம்பேன் என்பது குருவின் விடை. அப்படியாயின் சுவர்களா ஒருவரைக் கிறித்தவராக்குகின்றன என்று விக்டோரினுஸ் நகைத்துக் கேட்பார். இவ்வுரையாடல் பலமுறை நிகழ்ந்ததாம். அவருடைய வினா தருக்கத்தில் வலியது. ஆனால் அதற்குப் பின்னே இருந்தது உயர்குடி நண்பர்களின் பகையை ஈட்டிவிடுவோமோ என்னும் அச்சமே என்று அகுஸ்தீன் வெளிப்படையாகக் கூறுகிறார்.

இங்கு அவையஞ்சாமை அதிகாரம் தந்த அளவுகோல் பயன்படுகிறது. அவையில் பேசுவதையே தொழிலாகக் கொண்டவர் விக்டோரினுஸ். கல்வியிலும் பயிற்சியிலும் அவருக்கு நிகர் அரிது. எனவே அவரது அச்சம் கல்வியால் நீங்கக்கூடியதன்று. சொல்லப்போனால், கல்வி தந்த புகழே அவ்வச்சத்தை வளர்த்தது. இழப்பதற்கு அவரிடம் சிலையளவு புகழ் இருந்தது. கல்விப்புலத்தார்க்கு இவ்வரலாறு தனிப்பொருள் உடையதாவது இதனாலேயே.

மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? மனிதர்முன் கிறித்துவை அறிக்கையிட அஞ்சினால், வானதூதர்முன் கிறித்து தம்மை மறுதலிப்பார் என்னும் எண்ணம் அவரைப் பற்றியது. மறைவுச் சடங்குகளை வெளிப்படையாகப் போற்றிவந்த தாம் இறைவனின் திருமுழுக்கிற்கு வெட்கப்படுவது பெருங்குற்றம் என அவருக்குத் தோன்றியது. அதாவது, வெட்கப்பட்டதற்காக வெட்கப்பட்டார். நாண் அவரிடமிருந்து நீங்கவில்லை. அது தனக்குரிய பொருளைக் கண்டுகொண்டது. எதிர்பாரா வேளையில், திருச்சபைக்குச் செல்வோம் என்று சிம்ப்ளிசியானுஸிடம் கூறினார்.

திருமுழுக்கின்போது உரோமில் நம்பிக்கை அறிக்கையை உயர்ந்த மேடையில் நின்று அனைவர் முன்னும் கூறுவது வழக்கம். கூச்சத்தால் தடுமாறக்கூடியவர்களுக்கு அதனைத் தனியே கூறும் சலுகையும் இருந்தது. குருக்கள் அச்சலுகையை விக்டோரினுஸுக்கு அளிக்க முன்வந்தனர். அவர் ஏற்கவில்லை. சொற்கலையைப் பொதுவில் கற்பித்தபோது அதில் மீட்பு இருந்ததில்லை; மீட்பை மறைவில் அறிக்கையிடுவானேன் என்பது அவர் எண்ணம். அவர் மேடையேறியபோது மக்கள் அவர் பெயரை மகிழ்வுடன் ஒருவர்க்கொருவர் கூறிக்கொண்டனர். பின்னர் 362இல் பேரரசர் யூலியன் கிறித்தவர் இலக்கியமும் சொற்கலையும் கற்பிப்பதைத் தடுத்தபோது விக்டோரினுஸ் தம் ஆசிரியப் பணியைத் துறந்தார். முன்பு எதை இழக்க அஞ்சினாரோ, அதனை அவர் விட்டுவிட இயன்றது.

லூதர்: உள்ளே அமர்ந்த நீதிபதி

மேற்கண்ட விளக்கத்திற்கு ஒரு மறுப்பு எழலாம். மனிதரின் மன்றத்தை விட்டு இறைவனின் மன்றத்திற்குச் செல்வது சுமையைக் குறைக்குமா, கூட்டுமா? மனிதர் வெளித்தோற்றத்தை மட்டுமே காண்பர். இறைவனோ உள்ளத்தையும் காண்பவர். ஆயின், அம்மன்றம் இன்னும் அச்சந்தருவதன்றோ?

இம்மறுப்பு வலுவானது என்பதற்கு மார்ட்டின் லூதரின் இளமைக் காலமே சான்று. 1505இல் எர்ஃபர்ட் நகரின் அகுஸ்தீனியத் துறவு மடத்தில் சேர்ந்த அவர், 1507இல் தம் முதல் திருப்பலியை நிறைவேற்றும்போது இறைமுன்னிலையை எண்ணி நடுங்கினார். தம் குற்றங்களைத் தேடித்தேடி மணிக்கணக்கில் பாவமன்னிப்பு வேண்டினார். ஒன்றை விட்டுவிட்டோமோ என்னும் ஐயம் அவரை மீண்டும் மீண்டும் தன்னாய்வுக்குள் தள்ளியது. அவருடைய துறவு சபையின் தலைவர் ஸ்டௌபிட்ஸ், அவர் பார்வையைத் தம் குற்றங்களிலிருந்து கிறித்துவின் பாடுகளை நோக்கித் திருப்ப முயன்றார். இறைநம்பிக்கையே தன்னுணர்வைப் பெருக்கும் கருவியாகவும் ஆகலாம் என்பதை இதனால் அறிகிறோம்.

1515–1516ஆம் ஆண்டுகளில் உரோமையர் மடல் பற்றி ஆற்றிய விரிவுரைகளில் லூதர், மனித இயல்பைத் தன்னுள்ளேயே வளைந்து சுருண்டது என்று விளக்குகிறார். இறைப்பற்றையும் தன்னலத்திற்கே பயன்படுத்தும் இயல்பு அது. அவ்வளைவு மனித முயற்சியால் நிமிராது. ஏனெனில் முயற்சியும் தன்னையே நோக்குவதாகிறது. பின்னர் அவர் அடைந்த தெளிவு, இறைவனின் தீர்ப்பு மனிதனின் செயலுக்குப் பின் வருவதன்று, கிறித்துவின் பொருட்டு நம்பிக்கை வழியாக முன்னரே வழங்கப்படுவது என்பதாகும். உரோமையர் மடலின் 8ஆம் இயல், குற்றஞ்சாட்டுபவர் யார், தண்டனைத் தீர்ப்பிடுபவர் யார் என்று வழக்குமன்ற மொழியிலேயே வினவுவதை இங்கு ஒப்பிடலாம்.

ஆகவே, மன்றம் மாறினால் மட்டும் போதாது. அம்மன்றத்தின் தீர்ப்பு எப்போது வருகிறது என்பதும் இன்றியமையாதது. தீர்ப்புக்காகக் காத்திருப்பவன் ஒவ்வொரு நாளும் தன்னை நோக்குவான். தீர்ப்பைப் பெற்றவன் மன்றத்தைவிட்டு வெளியேறித் தன் வேலையைப் பார்க்கச் செல்வான்.

இக்கருத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களும் ஆய்வுக்குரியவை. பழைய மொழிபெயர்ப்பு ‘நீதிமானாக்கப்படுதல்’ என்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘ஏற்புடையவர்’ ஆதல் என்று பெயர்க்கிறது. முன்னது வழக்குமன்றச் சூழலைக் காக்கிறது. பின்னது, ‘என்னை ஏற்பார்களா’ என்னும் தன்னுணர்வின் அடிப்படை வினாவுக்கு நேராக விடை தருகிறது. மூலச் சொல்லின் தீர்ப்புப் பொருளை முதற்சொல்லும், அத்தீர்ப்பின் உறவுப் பொருளை இரண்டாம் சொல்லும் ஏந்தி நிற்கின்றன எனலாம்.

பனியனின் ‘நாணம்’ என்னும் பாத்திரம்

ஆங்கிலேயரான ஜான் பனியன், அனுமதியின்றிப் போதித்தமைக்காக 1660 முதல் 1672 வரை சிறையிலிருந்தவர். 1678இல் வெளிவந்த அவருடைய உருவகக் கதை தமிழில் ‘மோட்சப் பிரயாணம்’ என அறியப்படுகிறது. எச். ஏ. கிருட்டிணபிள்ளை இதனைத் தழுவியே ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) என்னும் காப்பியத்தை இயற்றினார். வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்ற அவர், ஊராரின் தீர்ப்பு என்பதை நூல்வழி மட்டும் அறிந்தவரல்லர்.

பனியனின் கதையில், உண்மையன் எனப் பொருள்படும் பெயருடைய பயணி, தாழ்மையின் பள்ளத்தாக்கில் ‘நாணம்’ என்னும் ஒருவனைச் சந்திக்கிறான். பெயருக்கு மாறாக அவன் துணிச்சல் மிக்கவன், விடாது பின்தொடர்பவன். சமயப்பற்று இழிவானது, மென்மையான மனச்சான்று ஆண்மைக்கு இழுக்கு, பெரியோரும் செல்வரும் அறிஞரும் இவ்வழியில் வருவதில்லை, சிறு பிழைக்காக அண்டை வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்பதும் எடுத்ததைத் திருப்பித் தருவதும் வெட்கக்கேடு என்றெல்லாம் அவன் வாதிடுகிறான்.

இவ்வாதங்களைக் கூர்ந்து நோக்கின், அவை தீச்செயலுக்கு நாணும்படி கூறவில்லை என்பது புலப்படும். நற்செயலுக்கு நாணும்படியே தூண்டுகின்றன. வள்ளுவர் போற்றும் நாணும் பனியன் காட்டும் ‘நாணமும்’ ஒரே பெயருடையன; ஆயினும் நேர் எதிரானவை. இவனுக்கு இப்பெயர் பொருந்தாது என்று அப்பயணியே கூறுவதும் இதனால்தான். முதலில் முகம் சிவந்து திகைக்கும் அவன், இறுதி நாளில் தீர்ப்பளிப்பது உலகின் ஆரவாரக்காரர்கள் அல்லர், உன்னதரே என்று நினைத்தபின் தெளிவடைகிறான். பவுலின் ‘மனித நாள்’ என்னும் கருத்து இங்குக் கதையாக உருப்பெற்றுள்ளது.

விடுதலையின் எல்லை

பிறர் தீர்ப்பை விடுதல் பிறரையே விடுதலாகாது. இதனைப் பவுல் அதே கொரிந்து மடலின் 8ஆம் இயலில் வரையறுக்கிறார். சிலைகளுக்குப் படைத்த உணவை உண்பதால் தீதில்லை என்று அறிந்தோர் சிலர் உண்டனர். அதனைக் கண்ட எளிய உள்ளத்தார் சிலர் தடுமாறினர். தம் உணவு மற்றவரை வீழ்த்துமாயின் தாம் ஒருபோதும் இறைச்சி உண்பதில்லை என்கிறார் பவுல். மனிதரின் மதிப்பீடு தமக்கு மிகச் சிறிது என்று கூறியவரே, பிறருடைய மனச்சான்றைத் தம் உரிமையினும் பெரிதாகக் கொள்கிறார்.

இவ்விரண்டும் முரணல்ல. பிறர் என்னை எவ்வாறு காண்கின்றனர் என்னும் கவலையில் நடுப்பொருள் நானே. பிறர் வெறும் கண்ணாடி. அக்கவலை நீங்கியபின்புதான் பிறரைப் பிறராகவே காண இயலும். பிறர் கூறும் திருத்தங்களைக் கேட்பதும் அப்போதுதான் எளிதாகிறது. திருத்தம் தீர்ப்பாக ஒலிப்பது நின்று, செய்தியாக ஒலிக்கத் தொடங்குகிறது. எனவே பழிக்கு அஞ்சாமை என்னும் பெயரில் பிறர்க்குத் தீங்கிழைப்போர்க்கு இம்மரபில் இடமில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. கிறித்தவச் சான்றுகள் கூறும் விடுதலை, தீச்செயலுக்கு நாணும் நாணிலிருந்து பெறும் விடுதலையன்று. பிறர் மதிப்பை இழக்கும் அச்சத்திலிருந்து பெறுவது. விக்டோரினுஸின் வரலாறு அவ்வச்சம் கல்வியாலும் திறமையாலும் நீங்காது என்பதைக் காட்டுகிறது. பிறர் தீர்ப்போடு தன்தீர்ப்பையும் விட வேண்டும் என்பது பவுல் தரும் தனித்த கருத்து. இறைவனின் மன்றமும் இன்னும் வராத தீர்ப்பின் மன்றமாகக் கருதப்படின் சுமையையே கூட்டும் என்பதை லூதரின் இளமை உணர்த்துகிறது. தீர்ப்பு முன்னரே தரப்பட்டது என்னும் நம்பிக்கையில்தான் தன்னுணர்வு தளர்கிறது. பனியனின் பாத்திரம் உண்மை நாணையும் போலி நாணையும் பிரித்தறியக் கற்பிக்கிறது.

இவ்விடுதலை பெற்றவர் தம்மை உயர்வாக எண்ணுபவருமல்லர், தாழ்வாக எண்ணுபவருமல்லர். தம்மைப் பற்றி எண்ணுவதே குறைந்தவர். அதனால் மீளும் நேரமும் ஆற்றலும் செய்யவேண்டிய பணிக்கும் உடன்வாழும் மனிதர்க்கும் உரியனவாகின்றன.